பிரசவத்துக்குப் பின் தையல் புண்ணைப் பராமரிக்கும் முறை

யோனி வழியாகக் குழந்தை பெறும் பெண்களில் பெரும்பாலோருக்கு, அதிலும் முதல் பிரசவம் என்றால் பத்தில் ஒன்பது பேர் வரை, யோனிவாயைச் சுற்றி ஒரு சிராய்ப்போ, கிழிசலோ, மருத்துவர் இட்ட வெட்டோ ஏற்படுகிறது. யோனிவாய்க்கும் மலவாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய பகுதியைப் பெரினியம் என்பார்கள். இரத்த ஓட்டம் நிறைந்த இடம் என்பதால் இங்கே உண்டாகும் புண் இயல்பாகவே நன்றாக ஆறக்கூடியது. அதே சமயம் உட்காரும் எடை, சிறுநீர், மலம், வாரக்கணக்கில் நீடிக்கும் உதிரப்போக்கு ஆகிய அனைத்தையும் தாங்கிக்கொண்டே அது ஆற வேண்டியிருக்கிறது. இந்தப் புண்ணுக்கு வேண்டியவை தண்ணீர், காற்று, ஓய்வு, இளகிய மலம், அன்றாடம் ஒருமுறை பார்த்தல் ஆகியவை மட்டுமே. கண்டதையெல்லாம் பூசிக் கூடுதலாக ஏதாவது செய்துகொண்டே இருப்பதாலும், கூச்சத்தால் பார்க்காமலும் சொல்லாமலும் விடுவதாலும்தான் பெரும்பாலான சிக்கல்கள் முற்றுகின்றன.

உங்கள் புண் எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரசவம் முடிந்த களைப்பில் தையல் போட்டார்கள் என்பது மட்டுமே பலருக்கு நினைவில் நிற்கிறது. எவ்வளவு ஆழத்துக்குப் போட்டார்கள் என்பது தெரிவதில்லை. அந்த ஆழத்தைப் பொறுத்துத்தான் பராமரிப்பு மாறும் என்பதால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கிழிசலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோலும் யோனியின் உட்படலமும் மட்டும் கிழிந்திருந்தால் அது முதல் நிலை. பல சமயம் அதற்குத் தையலே தேவைப்படாது. பெரினியத்தின் தசையும் சேர்ந்து கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை. தலை வெளிவரும் நேரத்தில் மருத்துவர் கத்தரியால் பக்கவாட்டில் சாய்வாக இடும் எபிசியோடமி என்ற வெட்டும் ஆழத்தில் ஏறக்குறைய இந்த இரண்டாம் நிலைக்கு ஒப்பானது. மலத்தையும் வாயுவையும் அடக்கி வைக்கும் மலவாய்ச் சுருக்குத்தசை வரை கிழிசல் போயிருந்தால் மூன்றாம் நிலை. அதையும் தாண்டி மலக்குடலின் உட்படலம் வரை கிழிந்திருந்தால் நான்காம் நிலை. பிந்தைய இரண்டும் ஒப்பீட்டளவில் அரிது. அவற்றை அறுவை அரங்கில், முறையான மயக்க மருந்து கொடுத்துத் தைப்பதே வழக்கம். கீழே சொல்லப்படும் பொதுவான முறைகள் எல்லா நிலைகளுக்கும் பொருந்தும். மூன்றாம், நான்காம் நிலைக்கு உரிய கூடுதல் கவனத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நிலையைத் தவிர இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். நூல் தானே கரையக்கூடியதா, தைக்கும்போது இரத்தத்தை நிறுத்த யோனிக்குள் பஞ்சுத்துணி ஏதாவது வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டார்களா, மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும், இரவில் சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்பவை அவை. பஞ்சுத்துணி பற்றிய கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. உள்ளே மறந்துபோய் விடப்பட்ட துணி, நாட்கள் கழித்துக் கடும் துர்நாற்றமாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படக்கூடியது.

முதல் ஓரிரு நாட்கள்

பிரசவமான அன்றும் மறுநாளும் வீக்கம்தான் வலிக்கு முக்கியக் காரணம். அதைக் குறைக்கக் குளிர்ச்சியே சிறந்த வழி. வலி தணிய இந்த இடத்தில் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. பனிக்கட்டியையோ குளிர்விக்கப்பட்ட ஜெல் பையையோ சுத்தமான மெல்லிய துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 10 முதல் 20 நிமிடங்கள் வரை வைத்து எடுக்கலாம். சில மணி நேரம் விட்டு மீண்டும் வைக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலின்மேல் வைக்கக் கூடாது. மரத்துப்போயிருக்கும் தோல் குளிரால் வெந்துபோனாலும் உடனே தெரியாது. இரண்டு, மூன்று நாட்களில் வீக்கம் வடிந்துவிடும் என்பதால் அதன் பிறகு குளிர் ஒத்தடத்துக்கு அதிகப் பயன் இல்லை.

வலி மாத்திரையை விழுங்காமல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதால் எந்த நன்மையும் இல்லை. வலி இருந்தால் நடை குறையும், சிறுநீரை அடக்கத் தோன்றும், மலம் கழிக்கப் பயம் வரும், பால் கொடுக்க ஒழுங்காக உட்காரவும் முடியாது. முதலில் எடுக்க வேண்டியது பாரசிட்டமால். பெரியவர்களுக்கான வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதால், அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் மட்டும் போதவில்லை என்றால் இபுப்ரோஃபென் சேர்க்கலாம். இரண்டுமே பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், பிரசவத்தில் மிகுந்த இரத்த இழப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தவர்கள் இபுப்ரோஃபெனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் காலத்தில் வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். கோடீன் கலந்த மாத்திரைகளும் வேண்டாம். அவை பால் வழியாகக் குழந்தைக்குச் சென்று மூச்சைத் தளர்த்தக்கூடும், தாய்க்கு மலச்சிக்கலையும் உண்டாக்கும்.

முதல் நாளில் ஒன்றை மட்டும் மிகக் கூர்மையாகக் கவனிக்க வேண்டும். தைத்த இடத்துக்கு உள்ளே இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால், வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே, மாத்திரைக்கு அடங்காத வலி மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும், மலவாயை ஏதோ ஒன்று உள்ளிருந்து அழுத்துவது போலவும் மலம் வருவது போலவும் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகப் புடைத்திருக்கலாம், தலைசுற்றலும் வரலாம். தையல் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று யார் சொன்னாலும் அத்துடன் விட்டுவிடாமல், மருத்துவர் கையுறை அணிந்து பரிசோதித்துப் பார்க்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது சிறுநீர் கழித்திருக்க வேண்டும். சிறுநீர்க்குழாய் வைத்திருந்தால், அதை எடுத்ததிலிருந்து இந்த ஆறு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். உணர்வு மரத்திருப்பதால் சிறுநீர்ப்பை நிரம்பியதே தெரியாமல் போகலாம். எனவே வரும்போது போகலாம் என்று காத்திராமல், இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அன்றாடச் சுத்தம்

இந்தப் பராமரிப்பின் மையம் இதுதான். நாப்கினை மாற்றும் முன்பும் மாற்றிய பின்பும் இரண்டு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு கழுவும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. போகும் முன்பு கழுவும் பழக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் போகும் முன்பு கழுவாத கையிலிருந்துதான் கிருமி புண்ணைச் சேர்கிறது.

நாப்கினைக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சூடும் ஈரமும் சேர்ந்த இரத்தத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகவே நகர்த்துங்கள். பின்பக்கத்தைத் தொட்ட பகுதி முன்பக்கத்தைத் தொடக் கூடாது. துணி பயன்படுத்துபவர்கள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து, நேரடி வெயிலில் முழுவதும் காய்ந்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். மறைவிடத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணி, எவ்வளவு நன்றாகத் துவைக்கப்பட்டிருந்தாலும் புண்ணுக்கு ஆகாது. டாம்பூன், மாதவிடாய்க் கோப்பை போன்று உள்ளே வைக்கும் எதையும் ஆறு வாரப் பரிசோதனை முடியும் வரை பயன்படுத்தக் கூடாது.

கழுவுவதற்குச் சுத்தமான, கைக்கு இதமான வெதுவெதுப்புள்ள தண்ணீர் போதும். நாளுக்கு ஒருமுறையாவது குளிக்கும்போதும், மலம் கழித்த ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கைத்தெளிப்பான் இருந்தால் அதன் அழுத்தத்தை மிகவும் குறைத்துவிடுங்கள். வேகமான தாரை தையலை நேரடியாகத் தாக்கினால் வலிக்கும், சில சமயம் இளம் தோலையும் பிரிக்கும். சோப்பை வெளித்தோலுக்கும் தொடைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் மணமில்லாத மென்மையான சோப்பாக இருக்கட்டும். யோனிக்கு உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவே கூடாது.

கிருமிநாசினித் திரவத்தை வெந்நீரில் கலந்து கழுவச் சொல்லும் அறிவுரை இன்றும் பரவலாகக் காதில் விழுகிறது. நீர்த்துப்போன அந்தக் கலவை புண்ணை விரைவாக ஆற்றுவதில்லை. அடர்த்தி கூடிவிட்டால், புதிதாக முளைக்கும் செல்களையும் அது சேர்த்தே எரித்துவிடும். உப்புக் கலந்த நீர் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதனால் தீங்கு இல்லை, ஆனால் வெறும் தண்ணீரைவிட அது நன்றாக ஆற்றும் என்பதற்குச் சான்றும் இல்லை. டால்கம் பவுடர், எண்ணெய், மூலிகைப் பொடி, எழுதித்தரப்படாத களிம்பு ஆகிய எதையும் தையலின்மேல் போடாதீர்கள். பொடி தையலின் இடுக்கில் கட்டியாகத் தங்கும். எண்ணெய்ப்பசை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புச் சூட்டிலோ விளக்குச் சூட்டிலோ புண்ணைக் காட்டுவதும், தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தால் உலர்த்துவதும் வேண்டாம். இந்த இயந்திர யோசனையை முன்பு மருத்துவமனைகளிலேயே சொன்னதுண்டு. உணர்வு குறைந்த தோலைச் சுட்டுவிடும் என்பதாலும், புண்ணை அளவுக்கு மீறி வறட்டிவிடும் என்பதாலும் இப்போது அது கைவிடப்பட்டுவிட்டது.

கழுவிய பிறகு மென்மையான, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள். அந்தத் துணியை வேறு எதற்கும், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை, கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளாடை இல்லாமல் ஒரு துண்டின்மேல் பத்து நிமிடம் படுத்திருந்தால் காற்றுப் பட்டு இடம் உலரும். மற்ற நேரங்களில் தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள்.

முதல் நாள் கழிந்த பிறகு, அகலமான சுத்தமான தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி அதில் இடுப்பளவுக்கு உட்காரும் சிட்ஸ் பாத், தசைப்பிடிப்பையும் வலியையும் தணிக்கும். நாளுக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் போதும். நீண்ட நேரம் ஊறினால் தோல் வெள்ளையாகத் தளர்ந்து தையல் பலவீனப்படும். தொட்டியை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவ இயலாத சூழலில் சிட்ஸ் பாத்தையே விட்டுவிட்டு, குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொள்வது மேல்.

சிறுநீரும் மலமும்

சிறுநீர் படும்போது சுரீரென்று எரிவது முதல் வாரத்தில் இயல்பு. எரியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடவே செய்யும். நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் நீராகாரம் இருக்கட்டும். பால் சுரப்பதற்கும் அது தேவை. சிறுநீர் கழிக்கும் அதே நேரத்தில் முன்பக்கமிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் வெகுவாகக் குறையும். சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தால் சிறுநீர் தையலைத் தொடாமல் விழும். கழித்து முடித்த பிறகும் எரிச்சல் நீடித்தாலோ, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ, அது தையலால் அல்லாமல் சிறுநீர்ப் பாதைத் தொற்றாலும் இருக்கலாம் என்பதால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு முதல்முறை மலம் கழிப்பதை நினைத்துப் பயப்படாத பெண் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு, மூன்று நாள் மலம் வராமல் இருப்பது இயல்பானது. தையல் பிய்ந்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. முறையாக அடுக்கடுக்காகப் போட்ட தையல், சாதாரணமாக மலம் கழிப்பதால் பிரிவதில்லை. ஆனால் அந்த அச்சத்தில் அடக்கி வைக்க வைக்க, மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சி அதைக் கல்லாக்கிவிடும். பிறகு முக்கும்போதுதான் உண்மையான வேதனை. ஆகவே உந்துதல் வந்ததும் போய்விடுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பாதங்களுக்கு அடியில் ஒரு சிறிய முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு முன்சாய்ந்து உட்காருங்கள். புதிய நாப்கின் ஒன்றையோ மடித்த சுத்தமான துணியையோ கையில் வைத்து, தையலைக் கீழிருந்து மேலாக மென்மையாகத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாங்கல் வலியையும் பயத்தையும் ஒருசேரக் குறைக்கும். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டபடி இருங்கள். தரையோடு பதிந்த கழிப்பறையில் குந்துவது முதல் வாரத்தில் தையலை மிகவும் இழுக்கலாம். வேறு வழி இல்லையென்றால் பிடிமானத்துடன் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள்.

நார்ச்சத்து நிறைந்த காய், கீரை, பழம், முழுத்தானியம் ஆகியவற்றை உண்பதும் வீட்டுக்குள் நடமாடுவதும் மலத்தை இளக்கும் முதல் வழிகள். அவை போதாதபோது லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்டு எடுக்கலாம். அது பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது. இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தைக் கறுப்பாக்கி இறுக்கும். அதற்காக அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரத்தசோகையும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், மருந்தின் வகையையோ அளவையோ மாற்றித் தரச் சொல்வதே சரி.

உட்காருதல், படுத்தல், வேலை செய்தல்

முதல் சில நாட்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. படுத்தபடியே பால் கொடுக்கவும் பழகிக்கொள்ளலாம். படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். உட்காருவதற்கு நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையைப் பலர் வாங்கித் தருகிறார்கள். அதைச் சிறிது நேரத்துக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. நெடுநேரம் அதில் உட்கார்ந்தால், சுற்றிலும் உள்ள தசை அழுத்தப்பட, நடுப்பகுதி தொங்கி இரத்தம் தேங்கி வீங்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சமமான, ஓரளவு உறுதியான இருக்கையில் இரு பக்கமும் எடையைச் சமமாகப் பகிர்ந்து உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவது மேல். சம்மணமிட்டு உட்காருவதைத் தையல் இழுக்காத வரைக்கும் தள்ளிப்போடுங்கள்.

படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதால், முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் முதல் சில வாரங்களுக்குத் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், ஈரத்துணி வாளி, மூத்த குழந்தை ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். வீட்டில் உள்ளவர்கள் பங்கெடுக்க வேண்டிய இடம் இது; ஓய்வெடு என்று வாயால் சொல்லிவிட்டு வாளியை அவரே தூக்கும்படி விடுவதில் பொருளில்லை.

புண்ணைப் பார்ப்பதும் ஆறுவதைக் கணிப்பதும்

ஒரு சிறிய கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வெளிச்சமான இடத்தில், இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து அன்றாடம் ஒருமுறை புண்ணைப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், முதல் முறை பார்க்கும்போது வீக்கமும் நூல் முடிச்சுகளும் அச்சமூட்டவும் செய்யலாம். ஆனாலும் நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று ஏற்பட்ட மாற்றம் தெரியும். உங்களால் பார்க்க இயலாவிட்டால், நம்பிக்கைக்குரிய ஒருவரையோ செவிலியரையோ பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நல்லபடி ஆறும் புண்ணின் வலி இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்தைத் தாண்டி, பிறகு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். முதல் வாரக் கடைசியில் தோலின் விளிம்புகள் ஒட்டியிருக்கும். இரண்டாம் வாரத்தில் நூல் தளர்ந்து, சிறு துண்டுகளாக நாப்கினிலோ கழுவும்போது கையிலோ வரலாம். தையல் பிரிந்துவிட்டது என்று அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நூலின் வகையைப் பொறுத்து, முழுவதும் கரைய இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அரிப்பும் இழுப்பும் ஆறுவதன் பகுதியே. சொறியவோ, தொங்கும் நூலைப் பிடித்து இழுக்கவோ கூடாது. பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு வாரங்களில் அன்றாட வலி நின்றுவிடும். ஆழமான கிழிசலுக்கு ஆறு வாரமோ அதற்கும் மேலோ ஆகும். சர்க்கரை நோய், இரத்தசோகை, கூடுதல் உடல் எடை, புகைப்பழக்கம் ஆகியவை இந்தக் காலத்தை நீட்டிக்கும்.

உதிரப்போக்கையும் இதனுடனேயே கவனியுங்கள். முதல் மூன்று, நான்கு நாட்கள் சிவப்பாகவும், பிறகு பத்து நாள் வரை இளஞ்சிவப்பு அல்லது பழுப்பாகவும், அதன் பின் வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறி, ஆறு வாரம் வரை நீடிக்கலாம். அதற்கு இரத்த வாடை உண்டு. அழுகல் நாற்றம் இருக்கக் கூடாது.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

குறைந்துவந்த வலி மீண்டும் ஏறத் தொடங்கினால், மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். தொற்று பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது. புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்குதல், சீழ், துர்நாற்றம், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுதல், குளிர் நடுக்கம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். காய்ச்சலோடு மூச்சு வேகமாக வாங்குவது, இதயம் படபடப்பது, குழப்பமாகப் பேசுவது, உடல் சில்லிட்டு வெளிறுவது ஆகியவையும் சேர்ந்தால் தொற்று இரத்தத்தில் பரவியிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவு இரத்தம் போவதும், பெரிய இரத்தக் கட்டிகள் விழுவதும், குறைந்த சிவப்புப் போக்கு திடீரெனப் பெருகுவதும் அவசரமே. ஒரு காலின் கெண்டைத்தசையில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தாலோ, திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ, அது தையலோடு தொடர்பில்லாத இரத்த உறைவாக இருக்கலாம்; அதுவும் உடனடியாகக் கவனிக்க வேண்டியது.

தையல் திறந்துகொள்வது பொதுவாக முதல் இரண்டு வாரங்களில் நடக்கிறது. அடியில் தொற்று இருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். திறந்த புண்ணைக் கண்டதும் மனம் உடைந்துபோவது இயற்கை. ஆனால் இவற்றில் பல, தொற்றுக்கு மருந்து கொடுத்து, சுத்தமாக வைத்திருந்தாலே அடியிலிருந்து மேலாகச் சதை வளர்ந்து தாமாக மூடிக்கொள்கின்றன. அதற்குச் சில வாரங்கள் ஆகும். எல்லாவற்றுக்கும் மறுதையல் தேவைப்படாது. தேவையா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். வாரங்கள் கடந்த பிறகும் தைத்த இடத்தில் தொட்டாலே இரத்தம் கசியும் செந்நிறச் சதைத் துணுக்கு இருந்தால், அது மிகையாக வளர்ந்த ஆறும் சதையாக இருக்கலாம். எளிய சிகிச்சையில் சரியாகிவிடும்.

வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவதும், உந்துதல் வந்ததும் ஓட வேண்டியிருப்பதும், யோனி வழியாக வாயுவோ மலமோ வெளிவருவதும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லியாக வேண்டியவை. கடைசியில் சொன்னது மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவே துளை விழுந்திருப்பதைக் காட்டலாம். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழும் பெண்கள் இருக்கிறார்கள். சிகிச்சை இருக்கும்போது அப்படிச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசலுக்கு உரிய கவனம்

இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்தும், ஏறத்தாழ பத்து நாட்களுக்கு மலமிளக்கியும் எழுதித் தருவது வழக்கம். இரண்டையும் நடுவில் நிறுத்தக் கூடாது. மலம் தண்ணீராகப் போனால் மலமிளக்கியின் அளவைக் குறைக்கக் கேளுங்கள். மலவாய் வழியாக வைக்கும் மருந்துகளையும் எனிமாவையும் மருத்துவர் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் இதில் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும். இயன்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் பார்ப்பது நல்லது. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல்படி, சுருக்குத்தசை தைக்கப்பட்ட பெண்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு ஓராண்டின் முடிவில் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை.

பயிற்சி, தாம்பத்திய உறவு, மறுபரிசோதனை

மலத்தையும் வாயுவையும் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை நடுவில் நிறுத்துவது போலவும் தசைகளை உள்ளிழுத்து, மூச்சைப் பிடிக்காமல் சில நொடிகள் நிறுத்தி, முழுவதும் தளரவிடுவது இடுப்புத்தளப் பயிற்சி. தானாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கி, வலி அனுமதிக்கும்போது மென்மையாக ஆரம்பிக்கலாம். பல வாரங்களில் மெல்ல மெல்ல பத்து நொடி, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை என்ற அளவை எட்டலாம். பயிற்சியைப் படுத்தபடி செய்யுங்கள். உண்மையாகவே சிறுநீரை நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. ஆழமான கிழிசல் இருந்தவர்கள் எப்போது தொடங்குவது என்பதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

உறவுக்குத் திரும்ப ஒரே நாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. உதிரப்போக்கு நின்று, புண் ஆறி, பெண்ணுக்கு விருப்பமும் வந்த பிறகே அது நிகழ வேண்டும். பலர் ஆறு வாரப் பரிசோதனை முடியும் வரை காத்திருக்கிறார்கள். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவாக இருப்பதால் யோனி வறண்டிருக்கும். நீர் சார்ந்த மசகு உதவும். மாதங்கள் கடந்தும் வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் காட்டுங்கள். வடுவின் இறுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் சரிசெய்ய வழிகள் உள்ளன. மாதவிடாய் திரும்பாமலேயே, பிரசவமான மூன்று வாரங்களுக்குப் பிறகு மீண்டும் கருத்தரிக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முதல் நாள் பரிசோதனையைத் தவிர, பிரசவமான 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறையும், ஆறாம் வாரத்தில் ஒருமுறையும் தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நடைமுறையில் இந்தச் சந்திப்புகள் குழந்தையின் எடையோடும் தடுப்பூசியோடும் முடிந்துவிடுகின்றன. புண்ணைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். சிறுநீர், மலம், வலி ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்கப்படாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் முதல் சந்திப்பிலேயே இந்தக் கிழிசலைப் பற்றியும் அதன் நிலையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு இரண்டாம் நிலைக் கிழிசலோ எபிசியோடமியோ நிகழ்ந்திருந்தால் அது அடுத்த யோனிவழிப் பிரசவத்துக்குத் தடையல்ல. மூன்றாம், நான்காம் நிலைக்குப் பிறகு இப்போதும் தொந்தரவு இருக்கிறதா என்பதைப் பொறுத்து, சிசேரியன் தேவையா என்று கலந்து பேசுவார்கள். எல்லோருக்கும் வழக்கமாக எபிசியோடமி செய்வதை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. குழந்தையின் தலை இறங்கும் கட்டத்தில் பெரினியத்தின்மேல் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்துப் பிடிப்பதும், அந்தப் பகுதியைக் கையால் தாங்குவதும், மசாஜ் செய்வதும் அதே வழிகாட்டுதல் ஏற்கும் முறைகள். ஏறக்குறைய 35ஆம் வாரத்திலிருந்து வீட்டிலேயே செய்யக்கூடிய பெரினிய மசாஜை, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், இரத்தக் கசிவு, தொற்று ஆகியவை இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு தொடங்கலாம்.